முதல் புத்தகம் போடும் முன் ஒரு எழுத்தாளர் முகாமுக்குப் போய் வாருங்கள்

பிரதி பார்ப்பது என் தொழில். பதிப்பகத்துக்கு வரும் கதைகளையும் நாவல்களையும் படித்து, எழுதியவரோடு உட்கார்ந்து செப்பனிடுகிறேன். முதல் புத்தகத்தோடு வருகிறவர்களிடம் தவறாமல் ஒன்று கேட்பேன்: "இதை இதுவரை யாரெல்லாம் படித்திருக்கிறார்கள்?" பெரும்பாலும் வீட்டில் ஒருவர், ஒரு நண்பர். "ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்பார்கள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அதை வைத்து ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

அதனால்தான் சிறுகதைப் பட்டறைக்கோ இலக்கிய முகாமுக்கோ போகச் சொல்கிறேன். பொன்னாடையும் வாழ்த்துரையுமாக நடக்கும் விழாவைச் சொல்லவில்லை. கதைகளை முன்கூட்டியே அனுப்பிவைத்து, வருகிறவர்கள் அவற்றைப் படித்துவிட்டு வந்து, வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தைச் சொல்கிறேன்.

அப்படி ஒரு பட்டறையில் ஓர் இளம்பெண் தன் கதையை வாசித்தார். பாகப்பிரிவினை நடக்கும் வீடு. அத்தை மட்டும் பீரோ சாவியைத் தர மறுக்கிறாள். வாசித்து முடித்ததும், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கேட்டார்: "அந்தம்மா ஏன் சாவியைத் தரலை?" எழுதியவர் உடனே விளக்கினார். பீரோவுக்குள் இருப்பது செத்துப்போன மகனின் பள்ளிக்கூடச் சட்டை. "இது கதையில இல்லையேம்மா" என்றார் பெரியவர். தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார் அந்தப் பெண். உண்மையிலேயே இல்லை. மனத்தில் அவ்வளவு தெளிவாக இருந்ததால், எழுதிவிட்டதாகவே நினைத்திருக்கிறார்.

அதே கதையின் முதல் பக்கம் முழுக்கக் கீழ்வானம் சிவந்துகொண்டும் காகம் கரைந்துகொண்டும் இருந்தது. வாசிக்கும்போதே எதிரில் இருந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குத் தாவுவதை அவர் பார்த்துவிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பக்கத்தை அவரே பேனாவால் அடித்தார். நான் எத்தனை கடிதம் எழுதியிருந்தாலும் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டீ குடிக்கும்போது நடக்கும் பேச்சு. இதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் புதியவர்கள் பணத்தையும் உரிமையையும் இழப்பது பெரும்பாலும் கேட்க ஆளில்லாததால்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கென்று தனியாகப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் அந்த எண்ணை அரசு நிறுவனம் இலவசமாகவே தருகிறது. அப்புறம் ஒப்பந்தம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும், கையெழுத்தும் வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்ற வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு மொழிபெயர்ப்பு வாய்ப்பு வந்தபோது தவித்தவர்கள் உண்டு. முன்பே இரண்டு புத்தகம் போட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், "ராயல்டி, அதாவது விற்பனையில் உங்கள் பங்கு, எத்தனை சதவீதம், கணக்கு எப்போது தருவார்கள், ஒலிநூல் உரிமை யாருக்கு, இதையெல்லாம் கேட்டீர்களா?" என்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

எங்கே போவது? கோவையில் டிசம்பரில் நடக்கும் விஷ்ணுபுரம் இலக்கிய விருது விழாவில், எழுத்தாளர்களிடம் வாசகர்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் அமர்வுகள் உண்டு. புத்தகத்தைப் படித்துவிட்டு வரும் வாசகர் என்ன கேட்கிறார் என்று கவனிப்பதே நல்ல பாடம். 1988இல் ஜெர்மனியில் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, ஊர் ஊராக மாறி நடந்து 2013இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. மொழிபெயர்ப்பு உரிமை எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க விரும்பினால், தமிழக அரசு 2023 முதல் நடத்தும் சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைச் சொல்வேன். இவற்றுக்கெல்லாம் போக வசதிப்படாவிட்டால், உங்கள் ஊர் நூலகத்தில் நடக்கும் வாசகர் வட்டத்தில் தொடங்குங்கள், அதுவும் சரிதான்.

ஆனால் கட்டணம் கேட்கும் பட்டறை என்றால் கொஞ்சம் விசாரியுங்கள். யார் நடத்துகிறார், அவர் எழுதியதை நீங்கள் படித்திருக்கிறீர்களா, உங்கள் கதைக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? "கலந்துகொண்டால் புத்தகம் உறுதி" என்று விளம்பரம் செய்தால் போகாதீர்கள். கற்றுக்கொடுப்பவர் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டார்.

போகும்போது உங்களுக்கு மிகவும் பிடித்த கதையை விட்டுவிட்டு, எங்கேயோ இடறுகிறது என்று உங்களுக்கே தோன்றும் கதையை எடுத்துப் போங்கள். மற்றவர்கள் பேசும்போது பதில் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் உடனே திருத்த உட்கார வேண்டாம், ஒரு வாரம் போகட்டும். அதற்குப் பிறகும் எந்தக் கேள்வி உறுத்துகிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.