வீட்டோ: மறுப்பா, ரத்தா, தடுப்பா?

பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய மாதிரி ஐ.நா. அமர்வு ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். காசா போர்நிறுத்தம் பற்றிப் பேசிய மாணவி கேட்டார்: "14 கைகள் உயர்ந்த பிறகும் ஒரு கை எப்படி வெல்கிறது?" 2024 நவம்பர் 20 அன்று ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் நடந்ததைத்தான் சொன்னார். ஆதரவு 14, எதிர்ப்பு 1. எதிர்த்தது அமெரிக்கா, தீர்மானம் தோற்றது. ஒற்றை எதிர்வாக்கால் தீர்மானத்தை வீழ்த்தும் இந்த அதிகாரத்தின் பெயரான 'வீட்டோ'தான் அன்று மாணவர்கள் வாயில் அதிகம் அடிபட்ட சொல். தமிழில் என்ன சொல்வது என்று கேட்டபோது ஆளுக்கொரு விடை வந்தது.

வீட்டோ லத்தீன் சொல். 'தடுக்கிறேன்' என்று பொருள். தன்மை ஒருமை வினைமுற்று. தமிழில் 'ஏன்' விகுதியே ஆளைக் காட்டிவிடுவதுபோல, அங்கும் 'நான்' தேவையில்லை. ஒற்றைச் சொல்லே முழு வாக்கியம்.

பழைய ரோமக் குடியரசில் எளிய மக்களின் பிரதிநிதிகளான டிரிபியூன்கள், மேட்டுக்குடி அதிகாரிகளின் நடவடிக்கைகளைத் தடுத்து நிறுத்த முடிந்தது. அவர்களின் அந்த அதிகாரத்தோடு சேர்த்தே இந்தச் சொல் நினைக்கப்படுகிறது. எளியவரைக் காத்த ஆயுதம் இன்று கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர்களான ஐந்து வல்லரசுகளின் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) கையில் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஐ.நா. சாசனத்தில் 'வீட்டோ' என்ற சொல்லே கிடையாது. கூட்டத்தை நடத்தும் முறை பற்றியவை அல்லாத முடிவுகளுக்குக் கவுன்சிலின் 15 உறுப்பினர்களில் 9 பேரின் ஆதரவு வேண்டும், அதில் நிரந்தர உறுப்பினர்களின் இசைவும் அடங்க வேண்டும் என்கிறது 27ஆவது பிரிவு. 'இசைவு' என்ற அந்த மென்மையான சொல்லுக்குள்தான் தடை ஒளிந்திருக்கிறது.

'ரத்து அதிகாரம்' என்று சிலர் எழுதுகிறார்கள். பொருந்தாது. நடப்பில் உள்ளதைத்தான் ரத்து செய்யலாம். வீட்டோ, தீர்மானத்தைப் பிறக்கவே விடுவதில்லை. 'மறுப்புரிமை'யும் போதாது. மறுத்து வாக்களிக்க 15 பேருக்கும் உரிமை உண்டு. ஒற்றை மறுப்பால் தீர்மானத்தையே வீழ்த்துவது ஐவரால்தான் முடியும். ஆகவே 'தடுப்பதிகாரம்' என்பதே என் தேர்வு. லத்தீன் வேரும் அதுதான்.

வாக்களிக்காமல் விலகி நிற்பது தடுப்பதிகாரம் ஆகாது. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் தீர்மானத்தின்போது நிரந்தர உறுப்பினரான சீனா விலகி நின்றது, இந்தியாவும் அப்படியே. தீர்மானத்தை வீழ்த்தியது ரஷ்யாவின் எதிர்வாக்கு. அதைச் செய்தியாக எழுதும்போது 'ரஷ்யா வீட்டோ செய்தது' என்று சுற்ற வேண்டியதில்லை. 'ரஷ்யா தடுத்தது' என்றாலே போதும்.