நடக்கிற வேகத்தில் ஒரு போட்டி வண்டி

டிரையல்ஸ் பைக்கின் வயதை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. பாறைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் பயிற்சி எடுத்தால் வண்டி ஓடிய தூரம் ஓரிரு கிலோமீட்டர் இருந்தாலே அதிகம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கிளட்ச் சில நூறு முறை பிடிபட்டு விடுபட்டிருக்கும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகடு பாறையில் பத்துப் பதினைந்து இடியாவது வாங்கியிருக்கும். பின்சக்கரம் அச்சு வரை சேற்றில் முங்கி எழுந்திருக்கும். அதனால்தான் இந்த வண்டிக்கு எல்லாப் பராமரிப்பும் இன்ஜின் ஓடிய மணிக்கணக்கில்.

டிரையல்ஸ் விளையாட்டு இதுதான்: பாறை, ஓடை, வழுக்கும் மரவேர் என்று குறித்து வைத்த பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். வழக்கமான விதிப்படி ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி, இரு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, கடக்கவே முடியாமல் போனால் 5. குறைவான புள்ளி வாங்கியவருக்கே வெற்றி. ஸ்காட்லாந்தில் 1911 முதல் நடந்துவரும் ஆறு நாள் டிரையலை 1965இல் வட அயர்லாந்து வீரர் சாமி மில்லர், ஸ்பெயின் நிறுவனமான புல்டாகோவின் இலகுவான டூ-ஸ்ட்ரோக் வண்டியில் வென்றார். கனமான ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அதோடு மங்கத் தொடங்கியது. இன்றைய வண்டிகள் சுமார் 70 கிலோதான். சீட் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஓட்டுவது முழுக்க நின்றுகொண்டே.

மற்றப் பந்தய வண்டிகளை வேகம் தேய்க்கிறது. இதை வேகமின்மை தேய்க்கிறது. வீட்டில் ஸ்பேனரோடு உட்காரும்போது இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளின் காரணம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் சூடு. சாதாரண பைக்கில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நடக்கிற வேகத்தில் எதிர்க்காற்று எங்கிருந்து வரும்? எல்லாம் அந்தச் சின்ன மின்விசிறியின் தலையில்தான். அது நின்றால் சில நிமிடங்களில் கூலன்ட் கொதித்து வழியும். தண்ணீர் புகுந்து விசிறி மோட்டார் துருப்பிடிப்பதும், விசிறியை இயக்கும் வெப்ப ஸ்விட்சின் இணைப்பு களிம்பு பிடிப்பதும் அடிக்கடி நடப்பவை. வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டு, விசிறி தானாகச் சுழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெட்டவெளியில் செய்ய வேண்டிய வேலை இது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சூடு இல்லாத இடமும் ஒன்று உண்டு: சைலன்சர். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்த ஆயிலும் எரியப் போகிறது. மெதுவாக ஓடும் இன்ஜினில் புகைக்குழாய் போதுமான அளவு சுடுவதில்லை. எரியாத ஆயில் குழாய்ச் சுவரில் படிந்து, கஞ்சியும் கரியுமாகத் திரண்டு, சைலன்சருக்குள் இருக்கும் பஞ்சை ஊற வைத்துவிடும். பிறகு இன்ஜின் வேகம் மேலே ஏற மறுக்கும். பாவம், கார்புரேட்டர் மீது பழி விழும். டிரையல்ஸ் வண்டிக்கு ஆயில் குறைவாகக் கலப்பதற்கு இதுவே காரணம். நல்ல சிந்தெடிக் ஆயிலாக இருந்தால் 60:1 முதல் 80:1 வரை என்பது பரவலான வழக்கம். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. 80:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 12.5 மில்லி ஆயில். பாட்டில் மூடியால் அளப்பதை விட்டுவிட்டு ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டருக்கு வருவோம். அதில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகுக்குப் பெயர் ஜெட். மெயின் ஜெட்டை மாற்றினால் வண்டி சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆக்சிலரேட்டரை முக்கால் பங்குக்கு மேல் திறக்கும்போதுதான் மெயின் ஜெட் ஆட்சிக்கு வரும். டிரையல்ஸில் அவ்வளவு திறக்கும் சந்தர்ப்பம் அபூர்வம். பெரும்பாலும் கால் பங்குக்குள்தான் வேலை. அங்கே கோலோச்சுவது பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சில வாரம் சும்மா நிற்கும்போது அடியில் தண்ணீர் தங்கும், பிசினும் படியும். துளை கொஞ்சம் அடைத்தால்கூடப் போதும், ஐட்லிங் நிற்காது, பாறை முன்னால் ஆக்சிலரேட்டரைத் திருகும் அந்தக் கணத்தில் இன்ஜின் விக்கும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்ற உலோகம். துளை ஒரு நூலளவு பெரிதானாலும் கணக்கு மாறிவிடும். கிளீனர் தெளித்து, காற்றால் ஊதுங்கள். வண்டியை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் அடிக்கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிட்டால் இந்த வேலையே மிச்சம்.

ஜெட் சுத்தமாக இருந்தும் ஐட்லிங் சரியாக வரவில்லையென்றால் ஆயில் சீல்களைச் சந்தேகிக்கலாம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போனால் அறை உறிஞ்சும், கீழே வந்தால் அழுத்தும். கிராங்க் தண்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள் அந்த அறையை மூடி வைத்திருக்கின்றன. எந்தப் பக்கச் சீல் தேய்ந்திருக்கிறது என்பதை வண்டியே சொல்லிவிடும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்படும்: புகை அடர்த்தியாகும், வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். ஃப்ளைவீல் (கிராங்க் தண்டோடு சுழலும் கனத்த சக்கரம்) பக்கச் சீல் போனால் வெறும் காற்று நுழையும்: கலவை மெலியும், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கீழே இறங்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவதை அலட்சியம் செய்யக் கூடாது. மெலிந்த கலவையில் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சுட்டு விரிந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

சீலைக் கழற்றாமலே சோதிக்க வழி இருக்கிறது. காற்று நுழையும் வாயையும் புகை வெளியேறும் வாயையும் ரப்பரால் இறுக்க அடைத்து, கைப்பம்ப்பால் உள்ளே சுமார் 0.4 பார் அழுத்தம் ஏற்றுங்கள். சில நிமிடங்களுக்கு அழுத்த மீட்டரின் முள் இறங்காமல் நின்றால் சீல்கள் நலம். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வரும் இடத்தைத் தேட வேண்டியதுதான். எங்கும் குமிழி இல்லையென்றால் கியர் ஆயில் ஊற்றும் வாயில் தேடுங்கள். காற்று அங்கே வருகிறதென்றால் கிளட்ச் பக்கச் சீல்தான் குற்றவாளி.

இனி கிளட்ச். டிரையல்ஸ் ஓட்டுநரின் உண்மையான ஆக்சிலரேட்டர் இதுதான் என்பேன். ஆளுயரப் பாறை முன்னால் நிற்கும் வண்டி இன்ஜின் பலத்தை மட்டும் நம்பி மேலே தாவுவதில்லை. கிளட்சைப் பிடித்தபடி இன்ஜின் வேகத்தை ஏற்றினால் ஆற்றல் ஃப்ளைவீலில் சேமிப்பாகிறது. சுழற்சி வேகம் இரு மடங்கானால் சேமிப்பு நான்கு மடங்கு. கிளட்சைச் சட்டென்று விட்டதும் அந்தச் சேமிப்பு மொத்தமும் ஒரு நொடிக்குள் பின்சக்கரத்தில் இறங்குகிறது, வண்டி எகிறுகிறது. இந்த அதிர்ச்சியை நாள் முழுக்கத் தாங்கும் கிளட்ச், லீவரைப் பிடித்த மாத்திரத்தில் முழுக்க விடவும் வேண்டும், லீவரை விட்ட மாத்திரத்தில் முழுக்கப் பிடிக்கவும் வேண்டும்.

அதனால் ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் கியர் ஆயில் இன்ஜினை நனைப்பதில்லை. கியரையும் கிளட்ச் பிளேட்டுகளையும் மட்டும்தான். காருக்கான இன்ஜின் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் இருக்கும். அவை கிளட்சை வழுக்க விடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைப் பலர் ஊற்றுகிறார்கள். ஏமாற்று வேலை மாதிரித் தெரியும், ஆனால் ஆயிலில் முங்கிய உராய்வுத் தகடுகளுக்கென்றே செய்யப்பட்ட திரவம் அது. கையேடு அனுமதித்தால் தாராளமாக ஊற்றலாம். குளிர்ந்த ஆயில் தகடுகளைப் பசை போல ஒட்ட வைக்கும். எனவே இன்ஜினைக் கிளப்பும் முன் கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் சில முறை உருட்டுங்கள்.

சூடான பிறகும் கிளட்ச் ஒட்டுகிறதென்றால் பிளேட்டுகளை வெளியே எடுக்கலாம்; பல வண்டிகளில் கவரைத் திறந்தால் போதும். எஃகுத் தகட்டைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்தால் வளைவு தெரிந்துவிடும். நீலம் பாரித்த இடம் அதிகச் சூடு பட்ட அடையாளம். சில மாடல்களில் புதுத் தகட்டிலேயே உராய்வுத் துண்டுகளை ஒட்டிய பசை ஓரம் வழிந்து உறைந்திருக்கும். அதைக் கத்தியால் பொறுமையாகச் சுரண்டிவிட்டால், வருடக் கணக்காக ஒட்டிக்கொண்டிருந்த கிளட்ச் வெண்ணெய் போல வேலை செய்யும். திரும்ப அடுக்கும்போது அடுக்கின் மொத்தத் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குடை போன்ற ஸ்பிரிங் உள்ள கிளட்சில் அந்தத் தடிமனே லீவரின் கனத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு முறை கிளட்ச் லீவரோடு இருக்கும் திரவக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, மேலே எழுதியிருந்ததைப் படிக்காமல் டாட் 4 பிரேக் ஆயிலை ஊற்றினேன். அது மினரல் ஆயில் கேட்கும் கிளட்ச். சில நாளில் சீல் கெட்டு லீவர் பொசுக்கென்று போய்விட்டது. இரண்டு திரவத்துக்கும் ரப்பர் வேறு வேறு. ஒன்றுக்கானது இன்னொன்றில் உப்பிக் கெடும். இந்தப் பாடத்துக்கு ஒரு புது சீல் செட் செலவானது. ஏர் எடுக்கும்போதும், அதாவது திரவக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போதும், ஒரு சூட்சுமம்: காற்று மேலேதான் போக விரும்பும். ஆகவே கீழ் நிப்பிளிலிருந்து சிரிஞ்ச்சால் திரவத்தை மேல்நோக்கி ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும். பிரேக்குக்கும் இதே வழி. டிஸ்க்கில் செயின் ஆயில் ஒரு துளி பட்டாலும் பிடி போய்விடும். டிஸ்க்கைத் துடைத்து மீட்கலாம். ஊறிப்போன பேடை மாற்றுவதே மேல்.

டயர் தனிக் கதை. பின் டயரில் 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன்னால் 6 ஒட்டி. காற்றே இல்லாதது போல் இருக்கும். அதுதான் பிடியின் ரகசியம். பின்சக்கரத்தில் 80 கிலோ இறங்குகிறது என்று வைத்து எளிமையாகக் கணக்கிட்டால், 30 பிஎஸ்ஐயில் தரையைத் தொடும் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். 5 பிஎஸ்ஐயில் ஆறு மடங்கு. டயர்ச் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் நிஜத்தில் இதைவிடக் குறையும், ஆனால் போக்கு இதுதான். இங்கே சாதாரண மீட்டர் உதவாது. 60 பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டரில் முழு அளவுக்கு 3 சதவீதப் பிழை என்றால் 1.8 பிஎஸ்ஐ, ஐந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! வெயிலும் விளையாடும். 15 டிகிரிக் குளிரில் 5 வைத்த டயர் 40 டிகிரிக்குச் சூடேறினால் 6.7 காட்டும். 15 பிஎஸ்ஐக்கு மேல் போகாத மீட்டர் ஒன்றை வாங்கி, ஓட்டப்போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் பின் டயர் ட்யூப்லெஸ். மாற்றும்போது டயர் ஓரம் ரிம்மில் உட்காராமல் அடிக்கிற காற்றெல்லாம் வெளியேறி உயிரை வாங்கும். டயரின் வெளிவட்டத்தைச் சுற்றிச் சரக்குக் கட்டும் பட்டையைப் போட்டு இறுக்கினால் ஓரங்கள் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தால் ‘டப்’ என்று உட்காரும். டயரில் அச்சிட்ட அதிகபட்ச அழுத்தத்தை மட்டும் தாண்டாதீர்கள்.

கழுவும்போதுதான் பலர் வண்டியைக் கெடுக்கிறார்கள். வேகப் பம்ப்பின் தண்ணீர் சீலைத் தாண்டி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பேரிங்கில் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும்; துருவின் சத்தம் கேட்கும்போது காலம் கடந்திருக்கும். தோட்டக் குழாய் போதும். ஏர் ஃபில்டர் பஞ்சு தூசியைச் சலிப்பதைவிடத் தன் பிசுபிசுப்பில் ஒட்ட வைத்துத்தான் பிடிக்கிறது. கழுவி, உலர்த்தி, ஃபில்டர் ஆயிலைப் பிசைந்து ஏற்றாவிட்டால் அது இருந்தும் இல்லாதது போலத்தான். மணல் தூசியின் குவார்ட்ஸ், பிஸ்டனின் அலுமினியத்தைவிட மிகக் கடினமானது.

மரை விஷயம் ஒன்று. எடையைக் குறைக்க எங்கும் அலுமினியம். அதில் எஃகு போல்ட். ஈரம் பட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகி அலுமினியத்தை அரிக்கும். திருகும் முன், மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசை கொஞ்சம் தடவுங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரே தாராளம். ஆவேசப்பட்டால் மரை போய்விடும். ஆனால் லீவர்களின் கிளாம்ப்பை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் தளர்வாக விடுவார்கள். வண்டி விழுந்தால் லீவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும்.

எல்லாம் மாட்டியான பிறகு ஆக்சிலரேட்டரைத் திருகி விடுங்கள். ஹேண்டில்பார் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். விழுந்த வண்டியின் கைப்பிடி முனையில் மண் புகுந்து அது சிக்குவது சகஜம். அப்புறம் இன்ஜினைக் கிளப்பி, ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்க மணிக்கட்டில் கட்டும் காந்த ஸ்விட்சின் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அந்தக் கணமே இன்ஜின் அணைய வேண்டும். அணையவில்லையென்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, வயரிங் வேலைதான்.