உட்பொதிவு: வைரத்துக்குள் அகப்பட்டதன் பெயர்

வைர நகை விளம்பரங்களில் ‘விவிஎஸ்’ என்று மூன்றெழுத்து வரும். கடைக்காரர் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு ஏறும், வாங்க வந்தவரும் தெரிந்ததுபோலத் தலையாட்டுவார். ‘வெரி வெரி ஸ்லைட்லி இன்க்ளூடட்’ என்பதன் சுருக்கம் அது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வைத்துத் தேர்ந்த கண் பார்த்தாலும், உள்ளே இருப்பது எளிதில் பிடிபடாது என்று பொருள். எது உள்ளே இருக்கிறது? அதைச் சொல்லும் ‘இன்க்ளூடட்’ மட்டும் சுருக்கத்தில் நழுவிவிட்டது. அந்த உள்ளே இருப்பதன் பெயர் இன்க்ளூஷன்.

ஒரு படிகம் வளரும்போது தனக்குள் மூடிக்கொண்ட வேறொரு பொருளே இன்க்ளூஷன். இன்னொரு கனிமத்தின் துணுக்காக இருக்கலாம், ஒரு துளி நீர்மமாக இருக்கலாம், காற்றுக்குமிழியாகவும் இருக்கலாம். மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பருக்குள் மாட்டிக்கொண்ட பூச்சிக்கும் இதே பெயர்தான். நகைத்தொழிலில் கல்லின் உள்வெடிப்புகளையும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கிளௌதெரே’ என்றால் சாத்துதல், அடைத்தல். முன்னால் ‘இன்’ சேர்ந்தால் உள்ளே போட்டு அடைத்தல். அதிலிருந்து வந்த ‘இன்க்ளூசியோ’ என்ற பெயர்ச்சொல்லுக்குச் சிறைவைப்பு என்றே பொருள். இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘எல்லாரையும் சேர்த்துக்கொள்வது’ என்று கனிந்துவிட்டது. நிலவியலில் மட்டும் பழைய சிறைக்கதவு இன்னும் சாத்தியே கிடக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘உள்ளடக்கம்’ என்று எழுதலாம். ஆனால் புத்தகத்தின் பொருளடக்கமும் ‘உள்ளடக்கிய கல்வி’யும் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. ‘மாசு’ என்றால் கல்லின் மேல் படிந்த அழுக்கா, உள்ளே இருப்பதா என்ற குழப்பம் வரும். ‘குற்றம்’ என்பது நகைக்கடையின் தீர்ப்பு, பொருளின் பெயர் அல்ல.

இந்தத் தீர்ப்பு நம்மிடம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெரு வருகிறது. அங்கே நல்ல வைரத்தின் இலக்கணம், ‘காகபாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும் நீங்கி’ என்று தொடங்குகிறது. காக்கைக் கால்போல் ஒரு தடம், கறை, புள்ளி, கோடு. இன்றைய தரச்சான்றிதழில் இறகு, மேகம், குத்துப்புள்ளி என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அந்த வரிசைதான். இருந்தால் விலை இறங்கும், இல்லாவிட்டால் ஏறும்.

நிலவியலாளரின் கணக்கு தலைகீழ். அவருக்குக் களங்கமே இல்லாத வைரம் வெறும் கார்பன். அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஆழத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து பூமியின் நடுப்புள்ளி வரை சுமார் 6,371 கிலோமீட்டர். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஆண்டுக்கணக்காகத் துளைபோட்டும் 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியதோடு நின்றுபோனது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை நிலநடுக்க அலைகளையும், ஆய்வகத்தில் பாறையை நசுக்கிப் பார்ப்பதையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நம் பள்ளிப் பாடநூல்கள் ‘கவசம்’ என்று சொல்லும் மேண்டில் அடுக்கிலிருந்து எரிமலை வழியாகப் பாறைத்துண்டுகள் வருவது உண்டு. ஆனால் மிக ஆழத்துக் கனிமம் மேலே வரும் வழியில், அழுத்தம் குறையக் குறைய உருமாறிவிடும். வந்து சேரும்போது அது அதுவாக இருக்காது.

வைரத்துக்குள் அடைபட்டிருந்தால் கதை வேறு. பெரும்பாலான வைரங்கள் 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில் விளைந்தவை. சில அபூர்வக் கற்கள் அதைவிடப் பல மடங்கு ஆழத்திலிருந்து வந்தவை. அவை கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழம்போடு மேலே வருகின்றன. உள்ளே மாட்டிய துணுக்கு விரிந்துகொள்ளப் பார்க்கும். சுற்றியிருக்கும் வைரம் இளகிக்கொடுக்காது. ஆகவே அடி ஆழத்து அழுத்தத்தின் ஒரு பங்கு, கல் நம் உள்ளங்கைக்கு வந்த பிறகும் உள்ளே நிற்கிறது. லத்தீன்காரர் வைத்த சிறைப் பெயர் இங்கேதான் முழுக்கப் பொருந்துகிறது.

இதற்கு நல்ல சான்று பிரேசிலின் ஜுயீனா வைரம். மாட்டோ குரோசோ மாநிலத்தில் ஆற்றுச் சரளையைச் சலிக்கும் எளிய சுரங்கத் தொழிலாளர்கள் 2008-ல் எடுத்தது. மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பழுப்பாக, உருக்குலைந்து, நகைக்கு ஆகாத கல். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த கிரஹாம் பியர்சனின் குழு சுமார் 20 டாலருக்கு வாங்கியது. அவர்கள் தேடிப்போனது வேறொரு கனிமத்தை. கிடைத்தது, ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூடத் தேறாத ரிங்வுடைட் துணுக்கு.

ரிங்வுடைட் என்பது ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் கடும் அழுத்தத்தில் எடுக்கும் வடிவம். ஆஸ்திரேலிய நிலவியலாளர் டெட் ரிங்வுட்டின் பெயர் அது. 410-லிருந்து 660 கிலோமீட்டர் வரையுள்ள அடுக்கின் கீழ்ப்பகுதியில் இது நிறைய இருக்க வேண்டும் என்று எல்லாரும் நம்பினார்கள், பார்த்தவர் யாருமில்லை. இயற்கையில் முதலில் கிடைத்தது 1969-ல், அதுவும் குவீன்ஸ்லாந்தில் விழுந்த டென்ஹாம் விண்கல்லில். பூமியின் சொந்தச் சரக்கு கிடைக்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் துணுக்கின் எடையில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு நீர். உடனே ‘பூமிக்கடியில் பெருங்கடல்’ என்று தலைப்புகள் பறந்தன. அங்கே அலையும் இல்லை, ஈரமும் இல்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்து கிடக்கின்றன. ஆனாலும் அந்த அடுக்கு முழுவதும் அப்படி இருந்தால் நீரின் கணக்கு பெரிதாகத்தான் வரும்.

கல்லை உடைக்காமல் உள்ளே இருப்பதை எப்படி அறிவது? லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிறமாற்றத்தைப் படிக்கிறார்கள். ராமன் நிறமாலையியல் என்று உலகம் முழுக்கச் சொல்லும் முறை இது. திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928-ல் கண்டறிந்த விளைவு அதன் அடிப்படை. அவரே பின்னாளில் பெங்களூரில் வைரங்களைச் சேகரித்து ஆராய்ந்தவர் என்பது கூடுதல் பொருத்தம். ஜுயீனாத் துணுக்கை இன்னாரென்று காட்டியதில் ராமன் முறைக்கும் எக்ஸ் கதிருக்கும் பங்குண்டு.

வயது கேட்டால் மட்டும் உடைத்தே ஆக வேண்டும். வைரத்தின் கார்பனைக் கொண்டு வைரத்தின் வயதைச் சொல்ல முடியாது. கரிம நாள்கணிப்பு சில பத்தாயிரம் ஆண்டுகளோடு ஓய்ந்துவிடும். உள்ளே இருக்கும் துணுக்கை வெளியே எடுத்து, அதிலுள்ள கதிரியக்கத் தனிமங்களை அளக்க வேண்டும். ஸ்டீபன் ரிச்சர்ட்சன் குழு 1984-ல் தென்னாப்பிரிக்க வைரங்களுக்குள் இருந்த கார்னெட் என்ற கனிமத்தின் துணுக்குகளை இப்படிப் பார்த்துத்தான் 320 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று சொன்னது. 2011-ல் அவரும் ஸ்டீவன் ஷைரியும் இப்படிப்பட்ட வயதுகளைத் தொகுத்தபோது இன்னொன்று புலப்பட்டது: எக்லோஜைட் வகைத் துணுக்குகள் 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வைரங்களில் இல்லை. பழைய கடல்தரை பூமிக்குள் செருகிப்போவதோடு தொடர்புள்ள பாறை எக்லோஜைட். ஆகவே கண்டங்கள் பிரிந்து சேரும் ஆட்டம் ஏறத்தாழ அப்போது தொடங்கியிருக்கலாம் என்றார்கள். மணிக்கடைத் தெரு கழித்துப்போட்ட விந்துவும் களங்கமும் இங்கே பூமியின் பிறப்புச் சான்றிதழாகிவிட்டன.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். எனக்கு ‘உட்பொதிவு’ பிடித்திருக்கிறது. ‘பொதி’ என்பதில் மூடிவைத்தலும் சுமந்துவருதலும் ஒருசேர இருக்கின்றன. இலையில் கட்டிய பொதிசோறு, கழுதை சுமக்கும் பொதி, ‘பொருள் பொதிந்த பேச்சு’ என எல்லாவற்றிலும் உள்ளே இருப்பதற்கு மதிப்புண்டு. வைரம் செய்வதும் அதுதான்: மூடுகிறது, சுமக்கிறது. நீர்மம், வாயு, கனிமம் எதுவானாலும் உட்பொதிவு என்று எழுதலாம்.

ஆனால் உள்ளே இருப்பது திடமான ஒரு மணி என்றால், இன்னும் நெருக்கமான சொல் நம்மிடம் இருக்கிறது: பரல். பருக்கைக்கல், விதை, சிலம்புக்குள் குலுங்கும் கல் எல்லாம் பரல்தான். காகபாதத்தைக் குற்றமென்று சொன்ன அதே சிலப்பதிகாரத்தில், வழக்கு முடிந்தது உள்ளே இருந்த பரலால். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வெளியே ஒன்றுபோல் இருந்தவற்றைப் பிரித்துக்காட்ட வேறு சாட்சி இல்லை. காப்பியம் அங்கே ஆளும் சொல் ‘அரி’. அதற்குத் திருமால், சிங்கம் என்று வேறு பல பொருள்கள் இருப்பதால் அறிவியலுக்குத் தோதில்லை. பரலுக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆகவே பொதுப்பெயர் உட்பொதிவு. அதிலே மணியாக இருப்பது பரல். ஜுயீனாக் கல்லின் சீட்டை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: வைரம், பழுப்பு, மூன்று மில்லிமீட்டர். உட்பொதிவு உண்டு. பரல்: ரிங்வுடைட்.