பருவ ஊசி போடும் முன் தேதியைப் பாருங்கள்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்த அம்மா போனில் சொன்னது ஒரே வரி. "சார், மாடு கன்னு வீசிருச்சுங்க."

போய்ப் பார்த்தேன். தொழுவத்து வைக்கோலில் சிறு பூனை அளவுக்கு ஒரு கன்று கிடந்தது. உடம்பில் இன்னும் முடி முளைக்கவில்லை. குளம்புகள் மட்டும் மெழுகு போல வெளுத்து, அழகாக உருவாகியிருந்தன. நான்கு மாதம் இருக்கும். நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கன்று வீச்சு, அதாவது கருச்சிதைவு என்றால் முதலில் புருசெல்லா கிருமியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். யாரும் வெறுங்கையால் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "இந்த ஒரு வாரத்துல ஏதாவது ஊசி போட்டீங்களா?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் பேசாமல் கூரை எறவாணத்தில் செருகியிருந்த காலிக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். குளோப்ரோஸ்டினால், 2 மில்லி.

பக்கத்துத் தோட்டத்து மாடு பல மாதமாகப் பருவத்துக்கு வராமல் இருந்ததாம். டாக்டர் பரிசோதித்து இந்த ஊசியைப் போட, மூன்றாம் நாள் பருவத்துக்கு வந்து கத்தியிருக்கிறது. சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டார்கள், சினை நின்றுவிட்டது. இவர் மாட்டுக்கும் முன்பே சினை ஊசி போட்டிருந்தது. அப்புறம் ஒரு நாள் மாடு கத்தியதால், சினை நிற்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அதே மருந்தை மெடிக்கலில் கேட்டு வாங்கித் தானே போட்டுவிட்டார். சினை மாடுகளிலும் சில பருவ அறிகுறி காட்டும். அது அவருக்குத் தெரியாது. எங்களைப் போன்ற கால்நடை மருத்துவர்கள் அதை எடுத்துச் சொல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

அந்த ஊசி என்ன செய்கிறது? மாட்டின் சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சளாக ஒரு சிறு கட்டி உருவாகும். கார்பஸ் லூட்டியம் என்போம். அது சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்தான் கருப்பையை அமைதியாக வைத்திருக்கும், அடுத்த பருவத்தையும் வரவிடாது. கரு தங்காவிட்டால், 16, 17-ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். 21 நாளுக்கு ஒருமுறை மாடு கத்துவது இதனால்தான். கரு தங்கிவிட்டால், நூல் போல நீண்டிருக்கும் அந்தக் கரு ஒரு புரதத்தைச் சுரந்து, "கரைக்காதே, நான் இருக்கிறேன்" என்று கருப்பைக்குத் தெரிவித்துவிடும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது வியப்புதான்.

குளோப்ரோஸ்டினால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைப் போலவே வேலை செய்யும் மருந்து. முற்றிய கட்டி இருக்கும் வெறும் மாட்டுக்குப் போட்டால் 2 முதல் 5 நாளில் பருவம் வரும். பருவம் முடிந்த முதல் 5 நாளுக்குள் போட்டால் கட்டி இன்னும் இளசு, கரையாது. தீவனக் குறையால் மெலிந்து, சினைப்பையே உறங்கிக் கிடக்கும் மாட்டில் கரைக்க எதுவுமில்லை. எத்தனை குப்பி போட்டாலும் வீண். சினை மாட்டில் கட்டியோடு கருவும் போய்விடும்.

வெள்ளாட்டில் இன்னும் கவனம் வேண்டும். மாட்டில் ஐந்து மாதத்துக்கு மேல் நஞ்சுக்கொடியும் புரோஜெஸ்ட்ரோன் கொடுத்துக் கொஞ்சம் தாங்கும். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாளும் அந்தக் கட்டி ஒன்றுதான் ஆதாரம். எந்த மாதத்தில் ஊசி போட்டாலும் குட்டி தங்காது. அதே பட்டியில் நிற்கும் செம்மறியிலோ, இரண்டு மாதம் கழிந்தால் நஞ்சுக்கொடியே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.

நாயின் கதை வேறு. பெட்டை நாய் இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், பருவம் முடிந்தபின் அந்தக் கட்டி ஏறக்குறைய 2 மாதம் இருக்கும். கரு இல்லை என்று பார்த்துக் கரைத்துவிடும் ஏற்பாடு நாயின் கருப்பையில் இல்லை. குட்டியே இல்லாத நாய் மடி கட்டி, பொம்மையை அணைத்துக்கொண்டு படுப்பது இதனால்தான். பொய்ச்சினை, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் கருப்பையின் உட்சுவர் புரோஜெஸ்ட்ரோனால் தடித்து, நீர் கோத்து, கிருமி வளரத் தோதாகிவிடுகிறது. இந்த நிலையில், "ஆபரேஷன் வேண்டாம் சார், பருவம் வராம ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது பெண்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியில் உள்ள மருந்து. அதுவும் புரோஜெஸ்ட்ரோன் வகைதான். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல.

அப்படி ஊசி போட்டுப் பழகிய எட்டு வயது பொமரேனியன் ஒன்றைத் தூக்கி வந்தார்கள். நாலு நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீராகவே குடிக்கிறது, வயிறு பெருத்திருக்கிறது என்றார்கள். வயிற்றைத் திறந்தால் கருப்பையின் இரண்டு கிளைகளும் சீழ் கோத்து, முற்றிய புடலங்காய் போலப் புடைத்திருந்தன. பிழைத்தது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பெட்டை நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால், சீழ் வடிந்தாலும் வடியாவிட்டாலும், அன்றைக்கே காட்டுங்கள்.

கோழிக்குச் சினையும் இல்லை, இந்தக் கட்டியும் இல்லை. அதை முட்டையிட வைப்பது வெளிச்சம்; நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் கிடைத்தால் முட்டை தொடர்ந்து வரும். பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்களா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். இல்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப் போகும். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, திரும்பத் திரும்ப ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. அந்த வளர்ச்சி பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும் வருவது.

ஹார்மோன் ஊசி நல்லதே செய்யாதா என்றால், மீனைப் பாருங்கள். ஆற்றுக் கெண்டைகள் குளத்தில் வளரும், ஆனால் முட்டையிடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி, வேறு மீன்களின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றைக் கெண்டைக்கு ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். அதுவரை மீன்குஞ்சுக்கு ஆற்றையே நம்பியிருந்தார்கள். அந்த நாளைத்தான் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அங்கேயும் மழைக்காலத்தில், வயிற்றில் முட்டை முற்றிய மீனுக்குத்தான் ஊசி பலிக்கும்.

சரி, மாட்டுக்கு வருவோம். சினை ஊசி போட்ட தேதியைத் தொழுவத்து காலண்டரில் எழுதுங்கள். 21-ஆம் நாள் கத்துகிறதா பாருங்கள். கத்தாவிட்டாலும், இடையில் ஒரு நாள் கத்தினாலும், மூன்றாம் மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்துவிடுங்கள். பரிசோதிக்காத மாட்டுக்குப் பருவ ஊசி வேண்டாம்.

இன்னொன்று. இந்த மருந்து தோல் வழியாக உடம்புக்குள் இறங்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஆபத்து. அவர்கள் குப்பியைத் தொடவே கூடாது. மற்றவர்களும் கையுறை போட வேண்டும், பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அன்று காலை இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவோரம் நின்ற மருமகள் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஏழாம் மாதம். மாமனாருக்குக் கண் சரியாகத் தெரியாது என்று, குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சிக் கொடுத்தது அவர்தான்.

"கையில பட்டுச்சாம்மா?"

"இல்லீங்க சார். ஊசி மூடிய வாயில கடிச்சுத்தான் கழட்டினேன்."