ரெக்கார்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு பொத்தானை அமுக்கிவிடுங்கள்

பழைய கேசட், இசைத்தட்டு, ஸ்பூல் டேப் இவற்றில் இருக்கும் ஒலியைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். சில வருடங்களாக இந்த வரிசையில் ஆடியோ சிடியும் சேர்ந்துவிட்டது. கடையில் வாங்கிய பாட்டு சிடியைச் சொல்லவில்லை. வீட்டில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்து, கேசட்டிலிருந்து நேரடியாகப் பதிவு செய்தார்களே, அந்த சிடி ரெக்கார்டரில் எழுதியவை. 1997-இல் பிலிப்ஸின் சிடிஆர் 870 வந்த பிறகுதான் இந்தச் சாதனம் சாதாரண வீடுகளுக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு இறங்கியது. பயனியர், சோனி, மராண்ட்ஸ், டீயக் என்று எல்லோரும் செய்தார்கள். என்னிடம் வருகிற டிஸ்க்குகள் பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த இயந்திரங்களில் எழுதியவை.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஒரு குடும்பம் பை நிறைய டிஸ்க் கொண்டுவந்ததுதான். தாத்தா கோயில் திருவிழாக்களில் நாகஸ்வரம் வாசித்தவர். அந்தக் கேசட்டுகளை மகன் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சிடியில் ஏற்றியிருக்கிறார். ஏற்றி முடித்ததும் கேசட்டுகளை எறிந்துவிட்டார்கள். வீடு மாற்றும்போது ரெக்கார்டர் காயலான் கடைக்குப் போய்விட்டது. இப்போது எந்த பிளேயரில் போட்டாலும் 'நோ டிஸ்க்'. "கம்ப்யூட்டர்ல போட்டா பிளாங்க் சிடின்னு காட்டுது சார், ஆனா அந்த மெஷின்ல நல்லா பாடிச்சு சார்" என்கிறார்கள். இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. ஏனென்றால் இது விபத்து இல்லை, யாரோ ஒருவர் ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் நடந்தே இருக்காது.

ஃபைனலைஸ். அவ்வளவுதான் விஷயம்.

"அந்த மெஷின்ல பாடிச்சே" என்பதில் இருக்கும் தவறான நம்பிக்கையை உடைக்காமல் நான் இந்தக் கட்டுரையை நகர்த்தப் போவதில்லை. பதிவு செய்த இயந்திரத்தில் பாடுவதால் டிஸ்க் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பதிவு செய்யும்போது இயந்திரம் ஒலியை டிஸ்க்கின் பாட்டுப் பகுதியில் எழுதுகிறது. எந்தப் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்ற கணக்கை டிஸ்க்கின் உள் ஓரத்தில் பிஎம்ஏ என்ற குறுகிய இடத்தில் தற்காலிகமாகக் குறித்துவைக்கிறது. அந்த இடத்தைப் போய்ப் படிக்க எழுதும் இயந்திரங்களுக்குத்தான் தெரியும். சாதாரண சிடி பிளேயரும் கார் பிளேயரும் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. அவை தேடுவது 'லீட்-இன்' என்ற பகுதியில் இருக்க வேண்டிய பாட்டு அட்டவணையை. ஃபைனலைஸ் கொடுக்கும்போதுதான் தற்காலிகக் கணக்கு அங்கே நிரந்தர அட்டவணையாக எழுதப்படுகிறது, கடைசிப் பாட்டுக்குப் பிறகு 'லீட்-அவுட்' என்ற முடிவுப் பகுதியும் எழுதப்படுகிறது. அது நடக்காத டிஸ்க், கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் பீரோவில் பூட்டிவைத்த நிலம் மாதிரி. விற்றவரும் வாங்கியவரும் உட்கார்ந்து பேசும்வரை பிரச்சினை தெரியாது. மூன்றாவது ஆள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் உங்கள் பெயரே இருக்காது.

இன்னொரு வாதமும் வரும். "சிடி டிஜிட்டல் ஆச்சே, எதிலே போட்டாலும் ஒண்ணுதானே?" இல்லை. ஒலி டிஜிட்டலாக இருப்பது வேறு, அது எங்கே இருக்கிறது என்று பிளேயருக்குத் தெரிவது வேறு. டிஸ்க்கில் எழுபது நிமிடம் தாத்தாவின் தோடி இருக்கலாம். அட்டவணை இல்லையென்றால் பிளேயருக்கு அது வெறும் தகடு.

உங்கள் வீட்டு டிஸ்க் எப்படி என்று கண்ணாலேயே ஓரளவு பார்த்துவிடலாம். டியூப் லைட்டுக்கு அடியில் அடிப்பக்கத்தை லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் நிறத்தில் சற்று மாறித் தெரியும். நடுவிலிருந்து வெளியே பார்த்துக்கொண்டே வாருங்கள். ஃபைனலைஸ் ஆன டிஸ்க்கில் நிறம் மாறிய வளையம் நடு ஓட்டைக்கு நெருக்கமாகவே தொடங்கும். ஆகாத டிஸ்க்கில் அந்த வளையத்துக்கு உட்புறமாக ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு எழுதாத ஒரு மெல்லிய பட்டை தெரியும். அங்கேதான் அட்டவணை இருந்திருக்க வேண்டும். போன வாரம் வந்த பையில் முக்கால்வாசி டிஸ்க்கில் அந்தப் பட்டை அப்படியே காலியாக இருந்தது.

ஏன் ஃபைனலைஸ் செய்யவில்லை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "இன்னும் இருபது நிமிஷம் இடம் இருந்தது சார், வேற ஏதாவது சேர்க்கலாம்னு விட்டோம்." ஃபைனலைஸ் செய்துவிட்டால் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிடி-ஆரில் மேற்கொண்டு எதுவும் சேர்க்க முடியாது என்பது உண்மைதான். அதனால் என்ன? அந்த இருபது நிமிடம் போகட்டும், ஒரு வெற்று டிஸ்க்கின் விலை பெரிய காசு இல்லை. அன்றைக்குப் பதிவு முடிந்ததென்றால் அன்றைக்கே ஃபைனலைஸ் கொடுங்கள். இயந்திரத்தைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது, ஆகவே யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுச் செய்யுங்கள். பதிவு முடிந்து ஸ்டாப் கொடுத்தபின் திரையில் 'அப்டேட்' என்றோ 'பிஎம்ஏ' என்றோ ஓடும்போது பிளக்கைப் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தற்காலிகக் கணக்கே அப்போதுதான் எழுதப்படுகிறது. அதுவும் பாதியில் நின்றால் பதிவு செய்த இயந்திரத்துக்கேகூடப் பாட்டு இருப்பது தெரியாது.

சரி, ரெக்கார்டரை இன்னும் வைத்திருந்து பயன்படுத்துகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

கணினிக்கான சிடி-ஆரை இந்த வீட்டு இயந்திரங்கள் ஏற்காது. 'டிஜிட்டல் ஆடியோ' அல்லது 'ஃபார் மியூசிக்' என்று போட்ட டிஸ்க்தான் வேண்டும். தயாரிக்கும்போதே டிஸ்க்கின் பள்ளத்தில் ஒரு குறியீடு பதிந்திருக்கும், இயந்திரம் அதைப் பார்த்துத்தான் எழுதச் சம்மதிக்கும். அமெரிக்காவில் 1992-இல் வந்த வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் இந்த வகை வெற்று டிஸ்க் விலையில் 3 சதவீதத்தை இசைத்துறைக்கு ராயல்டியாகக் கொடுக்கச் சொன்னது, அந்த ஏற்பாட்டின் பூட்டுதான் இங்கேயும் வந்து சேர்ந்தது. இதைத் தெரியாமல் "மெஷின் ரிப்பேர்" என்று பழுதுபார்க்கக் கொண்டுவருகிறார்கள். அதைவிடப் பெரிய கொடுமை, இணையத்தில் பார்த்துவிட்டு மேல்மூடியைக் கழற்றி, ஆடியோ டிஸ்க்கைக் காட்டி ஏமாற்றிவிட்டுக் கையால் சாதா டிஸ்க்கை மாற்றுவது. உள்ளே இருப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், அதுவும் எழுதும் அளவுக்குச் சக்தி கூடியது. அதன் முழு வீச்சு கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் நீங்கள் கண்ணை மூடவும் மாட்டீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சாதா டிஸ்க்தான் வேண்டுமென்றால் டாஸ்காம் போன்ற ஸ்டூடியோ வகை இயந்திரங்கள் அதை ஏற்றுக்கொள்ளும்.

ஒரு சிடியிலிருந்து டிஜிட்டல் வயர் வழியாக நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து மறுபடி நகல் எடுக்கப் போனால் இயந்திரம் மறுக்கும். அதுவும் பழுது இல்லை, எஸ்சிஎம்எஸ் என்ற நகல் தடை. சிவப்பு வெள்ளை அனலாக் வயரில் இணைத்தால் பதிவாகும்.

ஒலி அளவு. கேசட் டெக்கில் பழகிய கை ஊசியைச் சிவப்புக்குள் தள்ளப் பார்க்கும், டேப் அதைத் தாங்கிக்கொள்ளும், கொஞ்சம் இதமாகக்கூடக் கேட்கும். சிடியில் 0 டெசிபலுக்கு மேல் எதுவும் கிடையாது, அலையின் தலை வெட்டப்பட்டுவிடும், வெட்டியது வெட்டியதுதான். நாகஸ்வரம் சீராகப் போய்க்கொண்டிருக்கும், மீட்டர் நல்லபடியாகத் தெரியும், தனி ஆவர்த்தனத்தில் தவில் ஒரு அடி விழுந்தால் போதும், அத்தனையும் சிவப்பு. அதனால் கேசட்டை முதலில் ஓடவிட்டு, தவில் உச்சத்துக்குப் போகும் இடத்தைத் தேடி, அங்கே மீட்டர் 0-க்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி வைத்துக்கொண்டு அப்புறம் ஆரம்பத்திலிருந்து பதிவு செய்யுங்கள். சிடியின் 16 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலியிலிருந்து உச்சம்வரை மொத்த வீச்சு ஏறக்குறைய 96 டெசிபல், சாதாரண கேசட்டில் அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட இருந்தாலே அதிகம். ஆறு டெசிபல் விட்டுக்கொடுப்பதால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆட்டோ டிராக்கை அணைத்துவிடுங்கள். சில நொடி அமைதி வந்தாலே அது புதுப் பாட்டு என்று எண் போட்டுவிடும். ஆலாபனையில் வித்வான் மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் தனித்தனி டிராக் ஆகிவிடும். ஒரு சிடியில் 99 டிராக்குக்கு மேல் போகாது.

வைத்துக் காக்க வேண்டிய எதையும் அழித்து அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூவில் எழுதாதீர்கள். அச்சடித்த சிடி தன் மேல் விழும் ஒளியில் 70 சதவீதம் அளவுக்குத் திருப்பித் தரும், ஆர்டபிள்யூ தருவது 15 முதல் 25 சதவீதம்தான். பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு அது போதாது. அழிக்கக்கூடியது என்றால் யாராவது ஒருநாள் அழித்தும்விடுவார்கள்.

டிஸ்க்கின் மேல்பக்கம் உறுதியானது, அடிப்பக்கம்தான் ஜாக்கிரதை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர் எதிர். அடிப்பக்கம் ஒளி போக வேண்டிய பிளாஸ்டிக் 1.2 மில்லிமீட்டர் தடிமன், அதில் லேசான கீறல் விழுந்தால் மெருகேற்றிப் பார்க்கலாம். பேர் எழுதுகிற மேல்பக்கத்தில் பிரதிபலிக்கும் உலோகப் படலத்துக்கு மேலே இருப்பது மெல்லிய வார்னிஷ் பூச்சுதான். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் உலோகம் வரை இறங்கிவிடும். ஸ்டிக்கர் லேபிள் ஒட்டினால் நம் ஊர் வெயிலில் பசை இளகி ஓரம் தூக்கும், அதை உரிக்கப் போனால் வெள்ளிப் படலமும் சேர்ந்து வரும், பாட்டும் அதோடு வந்துவிடும். நடு ஓட்டையைச் சுற்றி ஒளிபுகும் வளையம் இருக்கிறதே, அதில் நீரில் கரையும் மை பேனாவால் ஒரு எண் மட்டும் எழுதி, விவரத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க்குக்குள் பதிவு தங்கியிருக்கும் சாயப் படலம் வெயிலில் வெளுக்கும், காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள்.

வெளிநாட்டு இயந்திரம் வாங்கினால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்க இயந்திரத்துக்கு 120 வோல்ட், ஜப்பான் இயந்திரத்துக்கு 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அன்றோடு முடிந்தது. பழையது வாங்குகிறவர்கள், பாடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். பாடுவதற்குக் குறைந்த லேசர் சக்தி போதும், எழுதத்தான் அதிகம் வேண்டும், வயதானால் முதலில் போவது அதுதான். புது டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஐந்து நிமிடம் பதிவு செய்து, ஃபைனலைஸ் செய்து, வேறு பிளேயரில் போட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி, ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு. அலைந்து திரிந்து பத்துக் கணினியில் போட்டுப் பார்க்காதீர்கள். கணினி அதை வெற்று டிஸ்க் என்று நினைத்து 'இதில் ஃபைல் எழுதலாமா' என்று கேட்கும், அங்கே ஓகே கொடுத்துவிடாதீர்கள், இருப்பதும் குழம்பிவிடும். இயந்திரம் வீட்டிலோ சொந்தக்காரர் பரணிலோ இருந்தால் முதலில் அதில் போட்டுப் பாடவிட்டு, வெளிவரும் ஒலியை அனலாக் வயர் மூலம் வேறொன்றில் பதிவு செய்துகொள்ளுங்கள். அது கையில் வந்த பிறகுதான் ஃபைனலைஸ் செய்ய வேண்டும், ஏனென்றால் லேசர் தளர்ந்த இயந்திரம் பாதியில் திணறினால் டிஸ்க் போய்விடலாம். அந்த இயந்திரம் இல்லையென்றால் வேறொரு ஆடியோ ரெக்கார்டர் பெரும்பாலும் பிஎம்ஏவைப் படித்துவிடும். சில கணினி டிரைவ்களிலும் முடிகிறது, எல்லாவற்றிலும் இல்லை. போன வாரத்துப் பையிலிருந்து இப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம், சில டிஸ்க் வந்துவிட்டன, சில இன்னும் வரவில்லை.

எடுத்த ஒலியை எம்பி3யாகச் சுருக்காமல் வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக, இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடிக்கும்வரை கேசட்டையும் எறியாதீர்கள், ரெக்கார்டரையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.