புழுதியில் ஒளிந்திருக்கும் ஈயம்

ஈயம் கலந்த பெட்ரோலை உலகில் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா. அது நடந்தது 2021-இல். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக வண்டிகள் கக்கிய ஈயமோ சாலையோர மண்ணின் மேல் சில சென்டிமீட்டரில் இன்னும் கிடக்கிறது. தனிமம் என்பதால் மட்காது, சிதையாது. காற்றடித்தால் மறுபடி புழுதியாகிறது. பிரேக் பேட் தேய்ந்து செம்பும் ஆன்ட்டிமனியும், டயர் தேய்ந்து துத்தநாகமும், பழைய பெயின்ட் உதிர்ந்து ஈயமும் குரோமியமும் நாள்தோறும் அதில் சேர்கின்றன. புகை விடாத மின்வாகனத்துக்கும் டயர் தேயும்.

கண்ணை உறுத்தும் மணலைவிட மாவுபோன்ற நுண்தூசிதான் ஆபத்து. துகள் சிறுக்கச் சிறுக்க ஒரு கிராமுக்கான பரப்பு பெருகும். உலோகம் ஒட்டுவது அந்தப் பரப்பில்தான். விரலில் பெரும்பாலும் ஒட்டுவதும் 150 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகள்களே. அதனால் ஈயத்தை அளக்க எடுக்கும் புழுதி மாதிரியை அந்த அளவுக்குச் சலித்துவிட்டு அளக்க வேண்டும். சலிக்காவிட்டால் பருமணல் சேர்ந்து ஈயத்தின் அளவைக் குறைத்துக் காட்டிவிடும்.

2.5 மைக்ரானுக்கும் சிறியவை நுரையீரலின் ஆழம்வரை போகும். ஆனால் தவழும் குழந்தைக்கு முக்கிய வழி வாய்தான். கிராமுக்கு 400 மைக்ரோகிராம் ஈயம் உள்ள புழுதியில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, உள்ளே போனாலே 40 மைக்ரோகிராம் ஈயம். பெரியவர் குடல் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும். குழந்தையின் குடல் பாதிவரை உறிஞ்சிவிடும். இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் கூடும், ஏனெனில் இரும்பு ஏறும் வாசலிலேயே ஈயமும் ஏறுகிறது.

உடல் ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து மூளைக்குள்ளும் எலும்புக்குள்ளும் விடுகிறது. இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஒரு மாதம் போதும், எலும்பிலோ பத்தாண்டுகள். ஆகவே இன்றைய இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதால் பழைய பாதிப்பு இல்லை என்றாகாது. கர்ப்பகாலத்தில் எலும்பு கரையும்போது அதிலுள்ள ஈயம் கருவுக்கும் போகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் நுண்தூசி எழும்பி மறுபடி படியும். சாதாரண வேக்குவம் கிளீனர் அதைப் பின்பக்கமாக ஊதிவிடும். ஈரத்துணிதான் சரி. சோப்புநீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு இன்னொன்று; கலங்கியதும் நீரை மாற்றி, தோட்டத்தில் ஊற்றாமல் கழிவறையில் கொட்டுங்கள். ஜன்னல் விளிம்பையும் வாசற்படியையும் முதலில் துடையுங்கள். செருப்பு வெளியே, சாப்பிடுமுன் கைகழுவல், வெற்று மண்ணுக்குப் புல் மூடாக்கு. பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. நனைத்தே சுரண்ட வேண்டும், அப்போது குழந்தைகளோ கர்ப்பிணிகளோ அங்கே இருக்கக்கூடாது.