முன்தோல் இறுக்கம்: கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு வராதீர்கள்

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். 28 வயது இளைஞர், மூன்று வாரத்தில் கல்யாணம். ஆணுறுப்பின் முன்தோல் பின்னால் போகாது என்பது அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். கல்யாணத்துக்குள் தானே சரிசெய்துவிடலாம் என்று தேங்காய் எண்ணெய் தடவிப் பலமாக இழுத்திருக்கிறார். தோல் பின்னால் போனது, திரும்பி வரவில்லை. மொட்டுக்கு, அதாவது உறுப்பின் நுனிக்கு, கீழே ரப்பர் பேண்ட் போட்டதுபோல் இறுக்கி, வீங்கிவிட்டது. அதோடு ஒன்றரை நாள் யாரிடமும் சொல்லாமல் மின்சார ரயிலில் ஆபீஸ் போய் வந்திருக்கிறார்.

நல்லவேளை, வீக்கத்தை நிதானமாக அமுக்கிக் குறைத்து, கையாலேயே தோலை முன்னால் கொண்டுவர முடிந்தது. இன்னும் விட்டிருந்தால் மொட்டுக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகக்கூடும். இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவர். "பத்து வருஷமா ஏன் தம்பி காட்டல?" என்று கேட்டேன். மற்ற இருவரும் சொன்ன அதே பதில்: "ஆபரேஷன் பண்ணா உணர்ச்சி போயிடும்னு படிச்சேன் சார்."

முதலில், எல்லோருக்கும் ஆபரேஷன் என்று யார் சொன்னது? தழும்பு இல்லாத இறுக்கத்துக்கு முதல் சிகிச்சை ஒரு களிம்புதான். 0.05 சதவீத பீட்டாமெத்தசோன், இறுகிய வளையத்தின் மேல் மெல்லியதாக, காலை இரவு இரண்டு வேளை, 4 முதல் 8 வாரம். கூடவே வலிக்காத அளவுக்குத் தோலை மெதுவாகத் தளர்த்திப் பழக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, பூஞ்சைக்கும் அரிப்புக்கும் சேர்த்து நாலு மருந்து கலந்த டியூபை வாங்கிப் பூசாதீர்கள். அதைப் பூசிப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

களிம்பு கேட்கவில்லை என்றால், தோலை எடுக்காமலே வளையத்தைக் கீறி அகலப்படுத்தித் தைக்கலாம். வளையம் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுத் தழும்பாகிவிட்டால்தான் பெரும்பாலும் தோலை எடுக்க வேண்டியிருக்கும், அதாவது சுன்னத். "நம்ம வீட்ல அந்தப் பழக்கம் இல்லையே டாக்டர்" என்று அம்மாக்கள் தயங்குவார்கள். அம்மா, இது சடங்கு இல்லை, சிகிச்சை. காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். போனைத் திறந்தால் வரும் லேசர், ஸ்டேப்ளர் விளம்பரங்கள் எல்லாம் எதை வைத்து வெட்டுவது என்பதைப் பற்றித்தான் பேசுகின்றன. உங்களுக்கு வெட்டத்தான் வேண்டுமா என்பதை முதலில் கேளுங்கள்.

சரி, உணர்ச்சி விஷயத்துக்கு வருகிறேன். முன்தோலின் உட்பக்கத்தில் மென்மையான தொடுதலை உணரும் நரம்பு முனைகள் நிறைய உண்டு. தோலை எடுத்தால் அந்தத் தோலின் உணர்வும் அதோடு போகும். இதை எந்த நோயாளியிடமும் நான் மறைப்பதில்லை. ஆனால் மொட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்புகள் உறுப்பின் மேற்புறமாக, ஆழத்தில் ஓடுகின்றன. முறையாகச் செய்யும் சுன்னத்தில் கத்தி அங்கே போவதே இல்லை. விறைப்புக்கும் விந்துக்கும் முன்தோலோடு சம்பந்தமே கிடையாது.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. எச்.ஐ.வி. தடுப்புக்காகக் கென்யாவின் கிசுமுவிலும் உகாண்டாவின் ராகாயிலும் ஆயிரக்கணக்கான ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சுன்னத் செய்து இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவுகளின்படி, செய்துகொண்டவர்களின் தாம்பத்தியத் திறன் மற்றவர்களைவிடக் குறையவில்லை. கிசுமுவில் உணர்வு கூடியதாகச் சொன்னவர்களே அதிகம். கவனியுங்கள், அவர்கள் தோலில் எந்தக் கோளாறும் இல்லாதவர்கள். உங்களுக்கோ இப்போது இருப்பது வலியும் வெடிப்பும். எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள்? குறைந்ததாகச் சொல்பவர்கள் சிலர் உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் களிம்பிலிருந்து தொடங்குகிறோம்.

இந்தப் பயம் எங்கிருந்து வளர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் மூடியே இருந்த மொட்டு முதன்முதலாக வெளியே வரும்போது, ஜட்டி உரசினாலே தாங்க முடியாமல் கூசும். களிம்பில் சரியானவர்களுக்கும் இது உண்டு. தளர்வான பருத்தித் துணி, கொஞ்சம் வாசலின், சில வாரம் பொறுமை போதும், கூச்சம் அடங்கிவிடும். அடங்கியதும் உடனே "உணர்ச்சி செத்துப்போச்சு" என்று பதறி, ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, லாட்ஜில் உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடம் லேகியம் வாங்கப் போய்விடுகிறார்கள். தம்பி, கூச்சம் வேறு, இன்பம் வேறு. அடங்கியது கூச்சம்தான்.

குழந்தைகளுக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயற்கை. வளர வளரத் தானாகவே பிரியும், சிலருக்கு வயதுக்கு வரும்வரைகூட ஆகும். குளிப்பாட்டும்போது இழுக்காதீர்கள், இழுத்தால் கிழிந்து தழும்பாகும். சிறுநீர் வராமல் அழுதாலோ, திரும்பத் திரும்பச் சீழ் வைத்தாலோ மட்டும் கூட்டிவாருங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒன்று. நேற்றுவரை சரியாக இருந்த தோல் புதிதாக வெடித்து இறுகினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதையே என் அறையில் வைத்துத் தெரிந்துகொண்டவர்கள் நிறைய. சர்க்கரை நோய்க்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும், அங்கே பூஞ்சை வளரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். தோலுக்கு அடியில் கட்டி, ஆறாத புண், ரத்தம், நாற்றம் இருந்தால் அந்த வாரமே காட்டுங்கள். இறுகிய தோலுக்குள் புற்றுநோய் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன்.

பணம்தான் தடை என்றால், சென்னையில் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் யூராலஜி பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கி "தோல் பின்னால் போகவில்லை" என்று சொன்னால் போதும். அங்கே இருப்பவர்கள் தினமும் கேட்கும் வார்த்தைதான் அது.

அந்த இளைஞருக்கு வீக்கம் வடிந்ததும் களிம்பு தொடங்கியிருக்கிறேன். ஆபரேஷன் செய்தால் 4 முதல் 6 வாரம் தாம்பத்தியம் கூடாது, அவருக்கு அவ்வளவு நாள் இல்லை. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் சொல்லிவிடச் சொன்னேன். நேற்று போன் செய்தார். சொல்லிவிட்டாராம். "நான் வேற என்னமோனு பயந்துட்டேன், இவ்ளோதானா?" என்று கேட்டாளாம்.